நான் கேட்ட ஜுரம்

திருவொற்றியூர்த் தேருக்குக் கூட்டிப் போகிறேன் என்று அப்பா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தேரன்றும் அவர் கட்டுமரத்தோடு கடலில் இருப்பார். யுத்தம் முடிந்த மறுவருஷம், எனக்கு ஒன்பது வயது. தேருக்கு முந்தின நாள் கல்மண்டபத்துப் பக்கம் எங்கள் குப்பத்து அம்மன் கோவிலுக்குத் தனியாகப் போய், நாளைக்கு அப்பா கடலுக்குப் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எப்படி நிறுத்துவது என்று அம்மனுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து, ஜுரம் வந்தாலும் பரவாயில்லை என வழியையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

விடிவதற்குள் அப்பாவுக்குக் குளிர்ஜுரம் கண்டுவிட்டது. கோணியைப் போர்த்திக்கொண்டு அவர் நடுங்க, எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஜுரத்தில் கிடப்பவர் தேருக்கு எப்படிக் கூட்டிப் போவார் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவருக்குப் பதிலாகச் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரரோடு கட்டுமரத்தில் போனார்.

மதியம் கட்டுமரம் திரும்பியபோது அதில் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே இருந்தார். கரையேறியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அலை ஒண்ணு மரத்தப் பொரட்டிச்சி. நான் மேல வந்தேன், அவன் வர்ல."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மீன் வாங்கக் காத்திருந்த சித்தி இடுப்பில் கூடையோடு அப்படியே நின்றாள். அம்மாதான் கூடையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். சித்திக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது.

எனக்கு அழுகை வரவில்லை. சித்தப்பாவை அனுப்பியது நான்தான். துக்கம் கேட்க வந்த ஒருத்தி அம்மாவிடம், "உன் புருசனுக்கு ஜொரத்தக் குட்த்து ஆத்தா காப்பாத்திட்டா பாரு" என்றாள். சித்தி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். நான் வீட்டுப் பின்பக்கம் ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன்.

உடல் கிடைக்கவேயில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு காலையில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். அம்மன் முன்னால் அவள் கைகூப்பியதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. ஜுரம் கேட்டதை உளறிக் கொட்டிவிட்டு, அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சித்தி அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டதுக்கா இது நடந்துச்சி? உனுக்கு இன்னாடி தெரியும், எனுக்குத்தான் இன்னா தெரியும்? ஏன் இப்டி ஆச்சின்னு ரோசன பண்ணிப் பண்ணி மண்ட வெடிச்சிடும் போல கீது. அவளுக்குத் தெரியும். அவகிட்டயே உட்டுட்டேன்."

"உனுக்கு அவ மேல கோவம் இல்லியா சித்தி?"

"கீது. அதையும் அவகிட்டதான் சொல்லிகினு கீறேன்."

எனக்கு நெஞ்சிலிருந்து கல்லை எடுத்தது போலிருந்தது. அன்று சாயங்காலமே மணலில் விளையாடப் போய்விட்டேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அந்தத் தேரன்று காலை சித்தப்பா உடம்பு அலுப்பு என்று படுத்தேதான் கிடந்தாராம். அண்ணன் ஜுரத்தில் இருக்கும்போது நீயும் படுத்துக்கொண்டால் எப்படி என்று அவரைத் தட்டி எழுப்பி அனுப்பியது சித்திதானாம்.

அந்தக் காலையில் அம்மன் முன்னால் குற்றத்தோடு நின்றவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.