மழை டீமை நம்பாதவள்

என் டீமில் இருந்த ஆறும் மழைக்கென்றே பொறுக்கியவை. முதுகில் ஓட்டுக்குப் பதிலாகக் கறுப்பு மேகத்தைச் சுமக்கும் நத்தை ஒன்று. அது களத்தில் இறங்கினாலே மழை கொட்டும். மழையில் வேகம் இரட்டிப்பாகும் நண்டு. மழை பெய்யும்போது மட்டும் மின்னல் குறி தப்பாத விலாங்கு. நனைய நனையக் காயம் ஆறும் பாசிக்கல். ஒரு காளான். கடைசியாக ஒரு கொசு. கொசுவைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை.

இது போனில் ஆடும் சண்டை விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே ஆட வேண்டும். ஆளுக்கு ஆறு மிருகங்கள். அதில் நான்கை எதிராளிக்குத் தெரியாமல் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். களத்தில் நிற்பதை அடிக்கச் சொல்லலாம், இல்லையென்றால் அதைத் திரும்ப அழைத்து வேறொன்றை இறக்கலாம். எதிரே இருப்பவன் என்ன செய்யப் போகிறான் என்று ஊகிப்பதுதான் முழு ஆட்டமும். விவரமானவர்கள் எது பலமோ அதைப் பார்த்து ஆறு சேர்ப்பார்கள். ஒரே விஷயத்தைச் சுற்றி டீம் கட்டுகிறவர்களை யாரும் மதிப்பதில்லை. பார்க்க அழகாக இருக்கும், ஜெயிக்காது என்பார்கள்.

நான் அப்படித்தான் கட்டினேன். மழை பிடிக்கும் என்பதால் இல்லை. பம்பாயில் லேபர் கேம்ப் என்ற குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குள் வருடா வருடம் தண்ணீர் வருகிறது. கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து, கேஸ் சிலிண்டரை மேலே தூக்கி வைத்து, சாக்கடைத் தண்ணீரில் நின்றுகொண்டே பல் விளக்கியிருக்கிறேன். எனக்கு மழையைக் கண்டாலே எரிச்சல். இத்தனை வருடம் என்னைப் படுத்தியது ஒரு தடவையாவது என் பக்கம் நின்று அடிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

எனக்கு வேலை தாராவியில், பை தைக்கும் பட்டறையில். ஜிப் வைப்பேன். மதியம் சாப்பிட்டுவிட்டு மிஷின் மேலேயே போனைச் சாய்த்து வைத்து ஆடுவேன். எதிரே ஆடுகிறவள் எங்கள் சந்தில் மூன்று வீடு தள்ளி இருக்கும் என் சிநேகிதி. அவளுக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. அவள் அங்கிருந்து ஆடுவாள், நான் இங்கிருந்து ஆடுவேன். அடித்து அடித்து என் டீமை ஆளாக்கியது அவள்தான். அதை நான் மறைக்கமாட்டேன்.

கொசுவை நான் சேர்த்த அன்று அவள் போன் செய்து சிரித்தாள்.

"ஏட்டி, கொசுவெல்லாம் ஒரு மிருகமாட்டி? கைய ஓங்குனாலே செத்துரும்."

"ஒங்க அம்மை மருந்தடிச்சே கொசு சாவல, நீ ஓங்கியா சாவப்போவுது? ஆடிப் பாரு."

ஆடிப் பார்த்தாள். கொசு அடிக்காது. ஒட்டிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் ரத்தம் குடிக்கும். எதிராளிக்குப் பொறுமை போய்விடும். அன்று அவளுக்கும் போனது. "சனியன் புடிச்ச கொசு, அது இருக்கட்டும்ட்டி" என்றாள். அப்படித்தான் கொசு டீமில் நிலைத்தது.

டீமில் ஒரு ஓட்டை இருந்தது. நத்தை வரவழைக்கும் மழை ஐந்து சுற்றுதான் நிற்கும். மழை நின்றால் என் டீம் ஈரத்துணி மாதிரி. அதனால் மழை ஓயும் நேரம் பார்த்து நத்தையை மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். நத்தைக்குச் செடி, கொடி வகை அடி ஆகாது. ஒரே அடியில் விழுந்துவிடும். நத்தை உள்ளே வருகிற அதே சுற்றில் எதிராளி அந்த அடியை அடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆனால் நான் எந்தச் சுற்றில் கொண்டுவருவேன் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை சீக்கிரம் கொண்டுவருவேன், ஒரு தடவை மழை நின்ற பிறகும் காக்கவைப்பேன். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான். "நத்தை வார நேரம் மட்டும் எவனுக்கும் தெரியக்கூடாது, பாத்துக்க" என்றாள்.

செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கேமிங் கஃபே இருக்கிறது. அங்கே போட்டி அறிவித்தார்கள். ஜெயிக்கிற ஆள் தனக்குப் பிடித்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேர் டீமாகப் புனேயில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. இந்த ஊரைத் தாண்டி நான் போனதெல்லாம் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். யாரோ கூப்பிட்டு, யாருக்காகவோ போனது. நானாக ஜெயித்து ஒரு ஊருக்குப் போக வேண்டும், என் மழை டீமோடு போக வேண்டும் என்று இருந்தது. கூட்டிப்போகிற இரண்டு பேரில் முதல் ஆள் அவள். அதை நான் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. அவளுக்குத் தெரியாதா என்ன?

அந்த கஃபேயில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்காரலாம், பேசலாம். பையன்கள் கையால் வாயை மூடிக்கொண்டு ஹிந்தியில் குசுகுசுப்பார்கள். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நாங்கள் சத்தமாகத் தமிழில் பேசுவோம். பம்பாய்த் தமிழர்கள் எல்லோரும் இப்படித்தான். காய்க்காரன் முன்னால் நின்று "கூட கேக்கான், வா போவோம்" என்போம். லோக்கல் ரயிலில் லேடீஸ் டப்பாவில் எதிரே உட்கார்ந்திருப்பவளின் புடவையைப் பற்றி அவள் முகத்துக்கு நேராகவே பேசுவோம். ஒரு தடவை அப்படிப் பேசியபோது எதிரே இருந்த அம்மா இறங்கும் முன் திரும்பி, "புடவை எங்க வாங்குனேன்னு கேட்டா சொல்லியிருப்பேனே" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வெட்கப்பட்டோம். அடுத்த நாளிலிருந்து மறுபடி அதே பேச்சு. இந்தப் புத்தி எங்களுக்கு வராது.

இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே வந்தவன் முலுண்ட் பக்கமிருந்து வந்த பையன். காலேஜ் படிக்கிறவன். கூட வந்தவனோடு இங்கிலீஷ், கஃபேக்காரரோடு ஹிந்தி. நான் அவனைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டேன். அவள் என் முதுகில் தட்டினாள்.

"மராட்டிப் பய. ஒண்ணும் புரியாது. நீ எப்பவும் போலப் பேசு."

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே கேட்டாள்: "எந்த நாலுட்டி எறக்குத?" சொன்னேன். ஆடும்போது கேட்டாள்: "அடுத்து விலாங்கா, நத்தையா?" நத்தை என்றேன். நத்தை உள்ளே வந்தது. அதே சுற்றில் அவனுடைய கொடி மிருகம் அடித்தது. நத்தை விழுந்தது. அதிர்ஷ்டக்காரன் என்று நினைத்தேன். தோற்றேன்.

இரண்டாவது ஆட்டத்தில் எனக்குக் கோபம். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. அவள் கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள், தலையைக்கூட ஆட்டவில்லை. நத்தையைக் காக்கவைத்து, கொசுவை ஒட்டவிட்டு, அவன் கொடியை வைத்துக் காற்றை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நண்டை இறக்கி முடித்தேன். சுற்றி நின்ற பையன்கள் "மச்சர்! மச்சர்!" என்று கொசுவுக்குக் கை தட்டினார்கள். அவளும் என் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் அவள் முகம் சுண்டியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஆடுத. அப்ப நான் எதுக்குட்டி இங்க உக்காந்துருக்கேன்? நாற்காலிக்குக் காவலா?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை மாதம் கூட ஆடியவள். "சும்மா காலிபீலி கோவப்படாத, கேளு, சொல்லுதேன்" என்றேன். கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மழை ஓய்ந்தபோது, "இப்ப நத்தையாட்டி?" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "ஆமா, இப்பதான்" என்றேன். நத்தை வந்தது. கொடி அடித்தது. அதற்குப் பிறகு ஆடியது சும்மா.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். முலுண்ட் பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "அம்மா, ஜெயிச்சுட்டேன்மா. ஆமா, புனேக்கு. வந்துட்டே இருக்கேன்." நல்ல தமிழ். என் தமிழைவிடச் சுத்தமான தமிழ். நான் கையில் டம்ளரோடு நின்றேன். அவன் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னான்:

"அக்கா, ஞாயித்துக்கிழமை பிராக்டிஸ். மறந்துடாதீங்க."

அவள் அவசரமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அங்கே கத்தவில்லை. கத்தினால் தோற்றவள் அழுகிறாள் என்பார்கள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"அவன் தமிழ்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"மராட்டிப் பயன்னு சொன்ன."

"சொன்னேன்."

"ஏன்ட்டி?"

மழுப்புவாள் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"ஒங்கூடப் புனே போயி என்ன செய்ய? அங்கயும் நீ நத்தையத்தான் எறக்குவ. மொத ரவுண்டுலயே அடிவாங்கிட்டு, வடாபாவ் தின்னுட்டுத் திரும்பி வரணும். அவங்கிட்ட நல்ல டீம் இருக்கு. எனக்கு ஒரு எடம் தாரேன்னான்."

"நான் ஜெயிச்சா ஒன்னத்தானட்டி மொதல்ல கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அதாம்ட்டி எனக்குப் பயம்."

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவள் ஏறவில்லை.

ஒரு இடத்துக்காக ஆசைப்பட்டாள், சரி. நேராக என்னிடம் வந்து, உன் டீம் ஒப்பேறாது, நான் அவனோடு போகிறேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். பை தைக்கிற கையால் கட்டிய டீமைப் பற்றி ஒருத்திக்கு ஒரு எண்ணம் இருக்கக்கூடாதா? இருக்கலாம். ஆனால் இவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயாலேயே சொல்லவைத்து, என்னை வைத்தே என்னை விழவைத்தாள். அதிலும் அந்த இரண்டாவது ஆட்டம். நான் ஜெயித்தபோது சிரித்தாளே, அது நடிப்பு என்றால்கூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அது நிஜம். நிஜமாகச் சந்தோஷப்பட்டுவிட்டு, உடனே திரும்பி உட்கார்ந்து மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மன்னிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். தேவையே இருக்கவில்லை.

"அந்த நத்தைய மட்டும் எனக்கு மாத்திவிடேன். புனேக்கு வேணும். முடிச்சிட்டுத் திருப்பித் தந்துருதேன்."

அந்த விளையாட்டில் ஒருவர் வளர்த்ததை இன்னொருவருக்குக் கைமாற்றலாம். என் நத்தையை வளர்க்க எனக்கு எவ்வளவு நாளானது என்று என்னைவிட அவளுக்குத் தெரியும்.

"மழை டீம் ஒப்பேறாதுன்னியே. அதுல உள்ளது எதுக்கு ஒனக்கு?"

"நத்தை தனியாப் பாத்தா நல்ல உருப்படிட்டி. அவனே சொல்லுதான். நீ கட்டுன கூட்டந்தான் சரியில்ல."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "யாருட்டி அது? வாசல்ல நிறுத்தி வச்சுப் பேசுத, உள்ள வரச் சொல்லு, டீ போடுதேன்."

"யாருமில்ல" என்றேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"இவ்வளவு வீம்பு ஆகாதுட்டி" என்றாள்.

"போ."

"ஒரு கேமுக்காகவாட்டி?"

"போன்னு சொன்னேன்."

போனாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து போனை எடுத்தேன். விளையாட்டுக்குள் போய் நண்பர்கள் பக்கத்தில் அவள் பெயரை அழுத்தினேன். நீக்கினால் இருவரும் சேர்ந்து ஆடிய பழைய ஆட்டங்கள் எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டது. அந்தப் பழைய ஆட்டங்களை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் நான் டீமைச் சரி செய்வது வழக்கம். எங்கே தப்பு, எங்கே அவசரப்பட்டேன் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அழிந்தால் நஷ்டம் எனக்குத்தான்.

பரவாயில்லை என்று அழுத்தினேன்.