வருகைக்கு வந்த பன்னிரண்டாவது படம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம். அதில் ஒருவருக்கும் வருத்தமில்லை. மீனாம்பிகையே முதல் மூன்று நாளும் இதை நம்பவில்லை. ஆனால் இது நடந்தது. மீசாலையில், 1993ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், மூன்று பேர் முழு விழிப்போடு இருக்கும்போது நடந்தது. மூவரையும் தனித்தனியே கேட்டாயிற்று. ஒருவர் சொன்னதிலிருந்து மற்றவர் சொன்னது ஒரு சொல்லும் விலகவில்லை.

மீனாம்பிகை எதையும் இரண்டு தரம் சரிபார்க்கும் பெண். மாலை வகுப்பில் கணக்கியல் படித்தாள். மேலிருந்து கூட்டியதைக் கீழிருந்தும் கூட்டிப் பார்ப்பாள். சரியாக வந்தாலும், எங்கோ பிழை விட்டிருப்பேன் என்றுதான் நினைப்பாள். அப்படிப்பட்டவளின் கையில்தான் அன்று தீர்ப்புச் சொல்லும் விளக்கு இருந்தது.

அன்று நடந்தது ரயில் படப் போட்டி. ரயிலே இல்லாத ஊரில்.

1990 ஆனியில் போர் மறுபடி மூண்டதோடு ரயில் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது சல்லிக்கல்லும் புல்லும். அதில் ஆடு மேய்ந்தது. ரயிலைப் படமெடுக்கக் கூடிய ரயில் நேசர் வட்டத்தில் மிஞ்சியதும் மூன்று பேர்தான். ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் சிவசுப்பிரமணியம். அவருடைய வீட்டு வேலிக்கு அப்பால்தான் ரயில் பாதை. அடுத்தவர் குருநகரில் ஸ்ரூடியோ வைத்திருந்து, அது எரிந்தபின் இங்கே வந்து தங்கிய அடைக்கலநாதன். மூன்றாவது மீனாம்பிகை. அதுவும் அவளுடைய அண்ணன் பஞ்சலிங்கத்தின் இடத்தில்.

வட்டத்தைத் தொடங்கியவனே பஞ்சலிங்கம்தான். கடைசியாக ஓடிய ரயில்களில் ஒன்றில் ஏறி, எடுத்த பிலிம் சுருள்களைக் கழுவக் கொழும்புக்குப் போனான். ஜன்னலால் தலையை நீட்டி, “அடுத்த போட்டிக்குத் தலைப்பு வருகை. என்ரை படத்தை நானே கொண்டுவாறன்” என்று கத்தினான். பாதை மூடிவிட்டது. மூன்று வருடம். போன சித்திரையில், கிளாலிக் கடலால் ஊருக்கு வரப் புறப்பட்டுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். வந்து சேர்ந்தான் என்று யாரும் சொல்லவில்லை. கடற்படைக்கு ஒளித்து இருட்டில் அந்தக் கடலைக் கடக்கும் படகுகள் எல்லாம் கரை சேர்வதில்லை.

உறவுக்காரர் இறந்தவனுக்குரிய அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடச் சொன்னார்கள். மீனாம்பிகை மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அம்மா, சந்நிதி முருகனுக்குத் திருவிழா என்று, போட்டியன்று காலையே வீட்டைப் பூட்டித் திறப்பை மகளிடம் கொடுத்துவிட்டுத் தொண்டைமானாற்றுக்குப் போய்விட்டாள்.

“ரயில் இல்லாமல் என்ன போட்டி ஐயா எண்டு ரோட்டிலை நிண்டு கேக்கிறாங்கள்,” என்றான் அடைக்கலநாதன், சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றியபடி.

“தேர் எரிஞ்சதெண்டு திருவிழாவை விடுறதோ?” என்றார் சிவசுப்பிரமணியம். “ரயிலைத்தான் நிப்பாட்டினவை. எங்களை நிப்பாட்டேல்லை.”

அவர் வீட்டு விறாந்தை மேசையில் படங்களுக்கு வைக்கும் பெயர் அட்டைகள் இருந்தன. அவருடைய முத்தான கையெழுத்து. ஒன்றில் ‘அமரர் பஞ்சலிங்கம் நினைவாக’ என்று இருந்தது.

மீனாம்பிகை அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“பிள்ளை, அவன்ரை பழைய படம் ஒண்டை வைப்பம். ஒரு மரியாதைக்கு...”

“உயிரோடை இருக்கிறவனுக்கு உது மரியாதை இல்லை ஐயா.”

“மூண்டு வருசம்...”

“முப்பது எண்டாலும் போடேலாது.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவு சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அட்டை கவிழ்ந்தபடியே கிடந்தது.

மின்சாரம் போய் வருடக்கணக்கு. விறாந்தையில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு. படம் பார்க்க அது போதாது. அதனால் அடைக்கலநாதன் சைக்கிளில் ஏறி மிதிப்பான், டைனமோ சுழலும், முன்விளக்கு எதிரே ஸ்ரூலில் நிறுத்திய படத்தில் விழும். ஒவ்வொரு படத்தையும் மூன்று தரம் பார்ப்பது வழக்கம். இடையில் மிதிப்பதை நிறுத்திக் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பார்கள். பிறகு தீர்ப்பு. அதற்கு ரயில் கார்ட் பிடிக்கும் ஒரு பழைய கைவிளக்கு. அதன் தலையைத் திருகினால் கண்ணாடி மாறும். ஏற்றுக்கொண்ட படத்துக்குப் பச்சை. தள்ளியதற்குச் சிவப்பு. விளக்கைக் கையில் எடுத்தவர் நிறம் காட்டாமல் கீழே வைக்கக்கூடாது. பஞ்சலிங்கம் வைத்த சட்டம். அந்த வருடம் விளக்கு மீனாம்பிகையிடம்.

பதினொரு படங்கள் வந்திருந்தன. எல்லாம் பழையவை. ஆனையிறவு உப்பளத்தைக் கடக்கும் ரயில். மழையில் கொடிகாமம். கையசைக்கும் ஒரு பெண். பதினொன்றையும் பார்த்து முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

“அடுத்ததை வை தங்கச்சி,” என்றான் அடைக்கலநாதன்.

“முடிஞ்சுது.”

“உதென்ன பின்னை?”

படங்கள் இருந்த உறைக்குள் இன்னொரு படம் இருந்தது.

மீனாம்பிகை எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு. காலையில் தானே எண்ணி, தானே அடுக்கியவை. பிழை விட்டிருப்பேன் என்று நினைத்தாள். எடுத்து ஸ்ரூலில் வைத்தாள்.

அதன் ஓரம் விரலில் ஈரமாக ஒட்டியது.

வெளிச்சம் விழுந்தது. மீசாலைப் பாதைதான். படத்தின் இடது கரையில், பாதையோரத்துக் கிளை முறிந்த வேம்பு. ஆனால் தண்டவாளம் இல்லை. சல்லிக்கல், புல், கட்டு அவிழ்ந்த ஒரு ஆடு. தூரத்தில், பாதை முடியும் இடத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி.

“தலைப்பு வருகை. இதிலை என்ன வருகுது? ஆடு வருகுதோ?” என்று சிரித்தான் அடைக்கலநாதன். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “ஐயா... தண்டவாளம் கழட்டினாப் பிறகு எடுத்த படம் இது. ஆர் எடுத்தது? பிலிம் எங்காலை வந்தது? என்னட்டையே ரெண்டு வருசமாப் பேப்பர் இல்லை.”

“முழங்காலிலை இருந்து எடுத்திருக்கு,” என்றார் சிவசுப்பிரமணியம் மெதுவாக.

முழங்காலை நிலத்தில் ஊன்றி இருந்து, வேம்பை இடது கரையில் வைத்து எடுப்பவன் ஒருவன்தான். மீனாம்பிகைக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

“ரயில் இல்லாத படம் போட்டிக்கு இல்லை,” என்றார் அவர்.

“மூண்டு தரம் பாக்கவேணும். அதுதான் வழக்கம்,” என்றாள் அவள்.

மிதிப்பு நின்றது. இருட்டு. மறுபடி மிதிப்பு.

ஆடு இல்லை.

படத்தில் ஆடு நின்ற இடத்தில் புல் மட்டும் இருந்தது. அந்தப் புள்ளி புள்ளியாக இல்லை. வட்டமான ஒரு விளக்கு. அதற்குக் கீழே இருட்டாக ஏதோ ஒரு முகப்பு.

“நான் முதல் சரியாப் பாக்கேல்லைப்போலை,” என்றாள் மீனாம்பிகை.

“நானும் பாத்தனான் தங்கச்சி... ஆடு நிண்டது.”

ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனாலும் அடைக்கலநாதனின் கால்கள் தாமாக நின்றன. இருட்டு.

அந்த இருட்டில் ஜாம் போத்தல் விளக்கு ‘கிணுக்’ என்றது.

பிறகு மறுபடி. கிணுக்... கிணுக்... கிணுக்...

ரயில் வந்து தரை அதிர்ந்தால் போத்தல் அப்படி ஒலிக்கும். மூன்று வருடமாக அது ஒலித்ததில்லை.

படம் தெரிந்தது. இப்போது முழு எஞ்சினும் தெரிந்தது. பின்னால் பெட்டிகள். சல்லிக்கல்லுக்கு மேலே, எதிலும் படாமல், சில்லுகள்.

“அடைக்கலண்ணை, போதும். நிப்பாட்டுங்கோ.”

“நான் இன்னும் மிதிக்கத் தொடங்கேல்லை தங்கச்சி.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி நின்றான். சில்லு அசையவில்லை. சைக்கிள் விளக்கு அணைந்திருந்தது.

வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது.

பாதைப் பக்க ஜன்னலால்.

பூ......ம்.

ஊரே கேட்டிருக்க வேண்டிய சத்தம். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

“அந்தோனியாரே...” என்று அடைக்கலநாதன் நெஞ்சில் சிலுவை போட்டான்.

பூ......ம்.

“வழி கேக்குது,” என்றார் சிவசுப்பிரமணியம். “விளக்கு உன்ரை கையிலை பிள்ளை. நிறம் காட்டும்வரைக்கும் கேக்கும். பச்சையைக் காட்டு. போகட்டும்.”

“போகட்டுமோ?”

“போகட்டும் பிள்ளை. உதோடை எங்களுக்கு என்ன?”

மீனாம்பிகை எழுந்தாள்.

“மூண்டு வருசமா எல்லாரும் உதைத்தான் சொல்லுறியள் ஐயா. போகட்டும், போகட்டும் எண்டு. நான் போகவிடமாட்டன்.”

“வெளியிலை வெளிச்சம் காட்டாதை! சுடுறதுக்கு ஹெலி வரும்!”

“வரட்டும்.”

விறாந்தைப் படியில் இறங்கினாள். வேலிக்கு அப்பால் ஒரே வெள்ளை. கண் கூசியது. காற்று இல்லை. ஆனால் வேலியின் தென்னங்கிடுகுகள் படபடவென்று அடித்தன.

விளக்கின் தலையைத் திருகினாள்.

பச்சை கடந்தது.

சிவப்பு.

தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். “நில்!” என்று கத்தினாள். “நில்! என்ரை அண்ணை இறங்கவேணும்!”

கிறீ......ச்.

இரும்பு இரும்பை அரைக்கும் சத்தம். அங்கே இரும்பு இல்லை.

நின்றது.

உஸ்ஸ்... என்று ஒரு பெருமூச்சு.

ஒரு கதவு திறந்தது.

சல்லிக்கல்லில் ஒரு காலடி. சரக்.

சரக்... சரக்...

“அண்ணை?”

காலடி நின்றது.

வெள்ளை வெளிச்சத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை.

“அண்ணை... நான் மீனா.”

கிளிக்.

கமராவின் சத்தம். அது மட்டும்.

பிறகு காலடி திரும்பியது. அவளிடம் வரவில்லை. பாதை வழியே, அவள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைப் பக்கமாக... சரக்... சரக்... தேய்ந்து...

வெளிச்சம் செத்தது. யாரோ மிதிப்பதை நிறுத்தியதுபோல.

மூவரும் விடியும்வரை விறாந்தையில் இருந்தார்கள். அவள் ஒழுங்கைக்கு ஓடப் பார்த்தாள். இருவரும் கையைப் பிடித்து இருத்தினார்கள். விடிந்ததும் பாதையைப் போய்ப் பார்த்தாள். புல் நிமிர்ந்து நின்றது. கல் ஒன்றும் புரண்டிருக்கவில்லை. வீட்டுக்குப் போனாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. முற்றத்தில் யாரும் இல்லை.

நான் பயத்தில் நினைத்துக்கொண்டேன் என்று தனக்குத்தானே சொன்னாள். மூன்று நாள் அப்படியே சொன்னாள். படத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பன்னிரண்டாவது படத்தில் இப்போது ரயில் இல்லை. ஒரு வேலி, ஒரு விறாந்தை. படியில் ஒரு பெண், தலைக்கு மேலே விளக்கைத் தூக்கியபடி. முழங்காலில் இருந்து எடுத்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இரண்டு மாதம்தான். பஞ்சலிங்கத்தை அவள் கண்டதே இல்லை.

“கேக்க மறந்துபோனன் பிள்ளை. அண்டைக்கு உங்களைத் தேடி வந்த தம்பி திரும்ப வந்தவரோ?”

“எந்தத் தம்பி?”

“நீ படப் போட்டி எண்டு போன அண்டைக்கு. இருட்டினாப் பிறகு. உங்கடை படலையடியிலை வந்து நிண்டார். கழுத்திலை கமரா. அம்மா சந்நிதிக்குப் போயிட்டா எண்டு சொன்னன். சரி, பிறகு வாறன் எண்டார்.”

மீனாம்பிகை வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள்.

“உதிலை ஒரு புதினம் பிள்ளை. மழையும் இல்லை, ஒண்டும் இல்லை. அந்தப் பெடியன் தலையிலையிருந்து தண்ணி ஒழுகுது. துவாய் தரட்டோ தம்பி எண்டு கேட்டன். வேண்டாமாம். அவர் நிண்ட இடம் இன்னும் காயேல்லை. வந்து பார்.”

வேலிப் படலையடியில், ஆவணி வெயிலில் வெடித்துக் கிடந்த மண்ணில், இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் ஈரம். மூன்று நாளாக அதைத் தாண்டித்தான் அவளும் போய்வந்திருக்கிறாள்.

அவள் குந்தி விரலால் தொட்டாள். நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அந்த ஒழுங்கையில் எந்தக் கிணற்றிலும் உப்புத் தண்ணீர் இல்லை.

பிறகு எழுந்தாள். அழவில்லை. நேரே சிவசுப்பிரமணியம் வீட்டுக்குப் போனாள். மேசையில் கவிழ்ந்து கிடந்த அட்டையை எடுத்து நாலாகக் கிழித்தாள். வேறொரு அட்டையில் எழுதினாள். ‘வருகை. முதலாம் இடம். பஞ்சலிங்கம்.’ பெயருக்கு முன்னால் ஒன்றும் எழுதவில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். உப்பையும் கேட்டார். நெற்றியைத் தேய்த்தார்.

“பிள்ளை... கடல் தண்ணி. அது என்னெண்டு விளங்கேல்லையோ உனக்கு?”

“எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான் ஐயா. போறன் எண்டு அவன் சொல்லேல்லை. வாறன் எண்டு சொன்னவன்.”

கார்ட் விளக்கை எடுத்தாள். தேங்காயெண்ணெய் குறைந்திருந்தது. ஊற்றித் திரியை இழுத்துவிட்டாள்.

“அது திரும்ப வந்தால்?” என்று கேட்டார் அவர்.

“திரும்பவும் சிவப்புத்தான்,” என்றாள் மீனாம்பிகை.