தனக்குத்தானே ஈசிஜி எடுத்தவள்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிளிப் அக்கா, அவ்வளவுதான். ஈசிஜி எடுக்க வருகிறவர்களின் கை கால்களில் நாலு கிளிப் மாட்டி, நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ் ஒட்டி, பொத்தானை அழுத்துகிற வேலை. இருபத்தோரு வருஷமாக அதையேதான் செய்துகொண்டிருந்தாள். நான் எதிர் அறையில் எக்ஸ்ரே எடுப்பவள். அதனால் என் பெயர் எக்ஸ்ரே. "ஏய் எக்ஸ்ரே, டீ ஆறுது பாரு!" என்று அவள் கத்தினால், வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் எழுந்து போவேன்.

அவளுக்கு வாய் காது வரைக்கும். படுக்கையில் நடுங்கிக்கொண்டு கிடப்பவரிடம், "இவ்ளோ பெரிய மீசை வெச்சிருக்கீங்க, நாலு கிளிப்புக்கா பயப்படறீங்க?" என்பாள். மீசைக்காரர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். பயந்தவர்களை அவள் சமாளிக்கிற அழகைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருக்கும். அப்படிப்பட்டவளைத்தான் பயம் பிடித்தது. எங்கிருந்து பிடித்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சு எரிகிறது என்று ஒருவர் வந்தார். மளிகைக்கடைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அக்கா எடுத்தாள். கோடு சுத்தமாக இருந்தது. இதய டாக்டரும் பார்த்தார், மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் வெளியே போகும்போது அக்காவிடம் வாயடித்துவிட்டுத்தான் போனார். கேட் வரை போனார். அங்கேயே விழுந்தார். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள், பிரயோஜனமில்லை. சில பேருக்கு ஈசிஜியில் முதலில் ஒன்றும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அது அக்காவுக்கும் தெரிந்த விஷயம்தான். கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்குக் கிளிப் மாட்டப் போனாள்.

பதினேழு நாள் கழித்து, வேலைக்கு வருகிற பஸ்ஸில் அவளுக்கு முதல் தடவை வந்தது. ஒரு காரணமும் இல்லை. உட்காரக்கூட இடம் கிடைத்திருந்ததாம். அவளே சொன்னதைச் சொல்கிறேன்: "நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி இருந்துச்சுடி. படபடன்னு அடிக்குது, மூச்சு பாதி வரைக்கும்தான் போவுது, அதுக்கு மேல போவ மாட்டேங்குது. விரலெல்லாம் மரத்துப் போயி கொக்கி மாதிரி வளைஞ்சுக்கிச்சு. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. சரி, முடிஞ்சது கதை, இந்த ஸ்டாப்லயே என்னை இறக்கிப் போடப் போறாங்கன்னு நெனச்சேன்." பத்து நிமிஷத்தில் தானாக அடங்கிவிட்டதாம். இறங்கி நேராக அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குத்தானே கிளிப் மாட்டிப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். கோடு சுத்தமாக இருந்தது.

அங்கேதான் சனியன் ஆரம்பித்தது. வேறு யாருக்காவது இப்படி வந்தால், ஈசிஜி எடுத்து, நன்றாக இருக்கிறது என்று கேட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இவளுக்கு அந்த நிம்மதியும் இல்லை. மளிகைக்கடைக்காரருக்கும் சுத்தமாகத்தானே இருந்தது? அதனால் மறுபடி எடுப்பாள். மத்தியானம் ஒன்று, டீ நேரத்தில் ஒன்று, கிளம்பும் முன் ஒன்று. உள்ளே நோயாளி யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், கதவு சாத்தியிருக்கும், மெஷின் மட்டும் காகிதத்தைக் கரகரவென்று துப்பிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவள் சாப்பாட்டுப் பைக்குள் ஸ்பூன் தேடிக் கையை விட்டேன். மடித்து மடித்து வைத்த ரோஸ் காகிதம், முப்பத்தியோரு ஈசிஜி. எல்லாம் அவளுடையவை.

"என்னக்கா இது, கல்யாண ஆல்பமா?" என்று கேட்டேன். என் வாயில் அடித்திருக்க வேண்டும். அவள் பையைப் பிடுங்கிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. "யார்கிட்டயும் சொல்லாதடி. நான் செத்துடுவேன்டி. எனக்குத் தெரியுது" என்றாள். 

அதற்குப்பின் வாரத்தில் இரண்டு மூன்று தடவை வந்தது. வேலை நேரத்திலேயே வந்தது. இரண்டு தடவை நோயாளியைக் கிளிப்போடு படுக்கையில் விட்டுவிட்டு நடைக்கு ஓடி வந்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் ஓடிப்போய் மீதியை முடித்தேன். வீட்டில் அவள் கணவர், நல்ல மனிதர், "வாயு பிடிச்சிருக்கும், சுடுதண்ணி குடி" என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் அவளுடைய கை விரல்கள் வளைந்து கிடப்பதைப் பார்த்துத் தானும் அழுதுவிட்டாராம். பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினாள். நாலு கிலோமீட்டர் நடந்து வந்தாள். அப்புறம் பாலத்தின் மேல் நடக்க முடியவில்லை என்று ஆறு கிலோமீட்டர் சுற்றி வந்தாள்.

இதய டாக்டர் இருந்தது கீழ்த்தளத்தில், கூட்டம் நெரிகிற வெளிநோயாளிப் பிரிவில். ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா அங்கே ஓடினாள். ஓட்டமென்றால் ஓட்டம். கையில் அப்போதுதான் எடுத்த அவளுடைய ஈசிஜி. ரவிக்கையின் மேல் கொக்கி திறந்து, கழுத்துக்குக் கீழே ரப்பர் குமிழ் பதிந்த வட்டம் சிவப்பாகத் தெரிகிறது. வலது கணுக்காலில் கறுப்பு கிளிப் கடித்தபடியே தொங்குகிறது, எடுக்க மறந்திருக்கிறாள். நூறு பேர் பார்த்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டர், தலைகீழா இருக்கு! முதல் வரி முழுக்கத் தலைகீழா இருக்கு! நான் போறேன் டாக்டர், என் பொண்ணுக்கு போன் போடுங்க!"

டாக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். முதல் வரியில் மேலே எழும்ப வேண்டிய கோடெல்லாம் கீழே குத்திக்கொண்டிருந்தது. அவர் அவளுடைய நாடியைப் பிடித்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். ரொம்ப மெதுவாகச் சொன்னார். "அம்மா, சிவப்பையும் மஞ்சளையும் மாத்திப் போட்டிருக்கீங்க. வலது கைக் கிளிப்பு இடது கையில இருந்திருக்கு."

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே அவள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. முதல் வரி தலைகீழாக வந்தால் நோயாளியைப் பார்க்காதே, உன் கிளிப்பைப் பார். அதைத் தப்பாகப் போட்ட பிள்ளைகளை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது அவளே போட்டிருக்கிறாள். அதைவிட, தலைகீழ்க் கோட்டைப் பார்த்தும் கிளிப் ஞாபகமே வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு மூளை போயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டாள். நெஞ்சு வெடிக்கப் போகிறது என்ற பயத்தைவிட அந்தக் கேள்வியில் இருந்த பயம் பெரிது.

இதய டாக்டரே எழுதிக்கொடுத்து, மறுநாள் நான் கூட்டிக்கொண்டு போய் மனநல டாக்டரம்மாவைப் பார்த்தோம். வாசலில் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மா ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "உங்களுக்கு வர்றது பயத்தோட தாக்குதல். அது பொய் இல்ல, நடிப்பும் இல்ல, உடம்பு நிஜமாவே அப்படித்தான் பண்ணும். ஆனா அது உச்சத்துக்குப் போயிட்டுத் தானா இறங்கும். மாத்திரை தர்றேன். வரும்போது மூச்சை மெல்ல வெளியில விடுங்க. இருக்கற இடத்தை விட்டு ஓடாதீங்க. இன்னொண்ணு, உங்களுக்கு நீங்களே ஈசிஜி எடுக்கறதை இன்னையோட விட்டுடுங்க."

ஓடாமல் இருப்பது சரி, மெஷினைத் தொடாமல் இருப்பது எப்படி? சாராயக் கடையில் வேலை பார்ப்பவனிடம் குடிக்காதே என்கிற கதைதான். எனக்கே நம்பிக்கை இல்லை.

ஆஸ்பத்திரியில் அதற்குள் விஷயம் பெரிய டாக்டர் வரை போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கண்டிப்பானவர். பாதியில் விட்ட இரண்டு நோயாளிகள் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது. "இன்னொரு தடவை யாரையாவது படுக்கையில விட்டுட்டு ஓடினா, மறுநாளே ரிக்கார்டு ரூமுக்கு மாத்திடுவேன். அங்க உக்காந்து ஃபைல் அடுக்குங்க" என்றார். அக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ரூமும் போச்சுன்னா நான் யாருடி? ஒரு தடவை பயந்து ஓடிட்டா, வாழ்நாள் பூரா ஓடின பொம்பளைன்னுதானே சொல்வாங்க" என்றாள்.

இருபது நாள் எப்படியோ ஓட்டினாள். மாத்திரை கொஞ்சம் பிடித்தது, இரண்டு தடவை லேசாக வந்து போனது. இருபத்தோராம் நாள் காலையில் என் அறையில் ஆளில்லாத நேரம், எதிர்க் கதவு பாதி திறந்திருந்தது. படுக்கையில் ஒரு பெயின்டர், நகமெல்லாம் நீலச் சாயம். நாலு கிளிப்பும் மாட்டியாகிவிட்டது, குமிழும் ஒட்டியாகிவிட்டது. அக்கா மட்டும் பொத்தானை அழுத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, நீங்க வெளிய போங்க. நான் முடிச்சுடறேன்" என்று ரகசியமாகச் சொன்னேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவள் கண் பெயின்டரின் வலது மணிக்கட்டில் இருந்த சிவப்பு கிளிப்பின் மேல் போனது. கை மெல்ல அங்கே போனது. ஐயோ, அந்த மனிதரிடமிருந்து அதைப் பிடுங்கித் தன் கையில் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நான் உறைந்து நின்றேன். அவளே அப்படித்தான் நினைத்தாளாம், பிற்பாடு சொன்னாள்.

விரல் கிளிப்பின் மேல் இருந்தது. ஒரு நிமிஷமா இரண்டு நிமிஷமா, எனக்குத் தெரியாது. பெயின்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, எனக்கு நின்னுபோச்சா?"

"உங்களுக்கு ஒரு கேடும் இல்லங்க." குரல் நூலாக வந்தது. "எனக்குத்தான். எனக்குத்தான் பயமா இருக்கு. கொஞ்ச நேரத்துல போயிடும்னு சொன்னாங்க. இன்னும் போவல."

அவர் அவளையே பார்த்தார். "ஐயையோ! அப்ப நீங்க படுங்கம்மா, நான் எந்திரிக்கறேன்" என்று முழங்கையை ஊன்றிவிட்டார். ஒரு குமிழ் டப்பென்று கழன்றது.

"அசையாதீங்க!"

அந்த அதட்டலில் நானே விறைத்து நின்றேன். பெயின்டர் பலகையாகப் படுத்துக்கொண்டார். அக்கா கழன்ற குமிழை ஒட்டினாள். இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாவது தடவை ஒட்டியது. வலது கையில் சிவப்பு, இடது கையில் மஞ்சள் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லித் தொட்டுப் பார்த்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பொத்தானை அழுத்தினாள். காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தாள், அவருடைய நெஞ்சில் இருந்த பசையைத் துடைத்துவிட்டாள், சட்டையை எடுத்து நீட்டினாள்.

அவர் போனதும் இனி உட்காருவாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. இன்னும் அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போனாள். வெளியே பெஞ்சில் பதினாலு பேர். உயிரே போகிற மாதிரி மூச்சை இழுத்து, "அடுத்தது யாருங்க, உள்ள வாங்க" என்றாள்.