மட்டமாகக் கிடக்காத விரிப்பு

வெல்லர்ஸ் குடா என்ற மீன்பிடி ஊருக்கு வந்த புதிதில் லவீனியாவுக்கு வெள்ளிக் கரண்டி துலக்கத் தெரியும். மீன் பிளக்கத் தெரியாது. செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் ஒரு வணிகர் வீட்டில் பத்து வருடம் வேலைக்காரியாக இருந்தவள். ஆம்புரோஸ் அவளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கியபோது, கரையில் நின்ற பெண்கள் முதலில் அவள் கையைத்தான் பார்த்தார்கள்.

மூன்று குளிர்காலம் அவனோடு வாழ்ந்தாள். நான்காவது தொடங்கும்போது, நவம்பரில், அவன் விறகு ஏற்றப் போன படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. புதைக்க ஒன்றும் இல்லாததால் சர்ச்சுக்குப் பின்னால் குழியும் இல்லை.

கடலில் போனவன் துணி கூடப்பிறந்தவனுக்கு. அங்கே அது வழக்கம். நல்ல கம்பளியைப் பூச்சிக்கா கொடுப்பார்கள்? கொழுந்தன் ஜோப் வந்து நின்றதும், மேல்கோட்டு, இரண்டு கால்சட்டை, நீலக் கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் அவளே மடித்துக் கொடுத்தாள்.

ஜனவரியில் ஒரு நாள் காலை ஜோப் தண்ணீர் வாளிகளோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். ஆம்புரோஸின் மேல்கோட்டில் அவனுடைய முதுகுதான் தெரிந்தது. லவீனியா பூட்ஸ்கூட மாட்டாமல் பனியில் ஓடினாள். "ஆம்புரோஸ்!" என்று கத்தினாள்.

அவன் திரும்பினான். வாளிகளைக் கீழே வைத்து, கோட்டையும் நீலச் சட்டையையும் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, உள்சட்டையோடு அந்தக் குளிரில் வீட்டுக்குப் போனான். கால்சட்டைகளை மாலையில் அவன் மனைவி கெசையா கொண்டுவந்தாள்.

"இத இனிமே யாரும் போட வேணாம்" என்றாள் லவீனியா. "கிழிச்சு விரிப்பு பண்ணப் போறேன்."

"இன்னும் அஞ்சு வருஷம் உழைக்கிற துணி அக்கா. ஊரு சும்மா இருக்குமா?"

"பேசட்டும். அவருக்குக் குழி இல்ல. எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும். ஒரு நூலு வெளிய போகக் கூடாது."

ஓரகத்திகள் இருவரில் மூத்தவள் லவீனியா. ஆனால் கற்றுக்கொடுக்க வேண்டியவள் கெசையா. பிப்ரவரியில் ஒரு மாவுச் சாக்கைப் பிரித்து, மரச்சட்டத்தில் முரசுத் தோல் மாதிரி இழுத்துத் தைத்தாள். அடுப்பில் எரிந்த சுள்ளியின் கரியால் நடுவில் ஒரு படகு வரைந்தாள். லவீனியா அதைத் துடைத்துவிட்டு வெறும் கட்டங்களாகப் போடச் சொன்னாள். கெசையா கட்டம் போட்டு, மரப்பிடி வைத்த சிறு கொக்கி ஒன்றை அவள் கையில் கொடுத்தாள்.

"துணிய விரல் அகலத்துக்குக் கிழி அக்கா. இடது கையில சாக்குக்கு அடியில பிடி. மேலேர்ந்து கொக்கியக் குத்து, துணியக் கவ்வு, இழு. எல்லா வளையமும் ஒரே உயரம் நிக்கணும்."

லவீனியா இழுத்தாள். முதல் வளையம் காது மாதிரி நீண்டது. இரண்டாவது வரவே இல்லை.

"நீ கரண்டி தொடச்ச மாதிரியா இது" என்று கெசையா சிரித்தாள். "இன்னொண்ணு. சாக்கு நெசவுல இருக்கிற கண்ணு ஒவ்வொண்ணுலயும் குத்தாத. நடுவுல ஒண்ணு ரெண்டு கண்ணு விட்டுப் போ. சாக்குக்கும் மூச்சு வேணும்."

கெசையாவுக்கு நான்கு பிள்ளைகள். தினமும் வர முடியவில்லை. லவீனியா தனியாக உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினாள். துணி நிறைய இருந்தது. சாக்கு ஒன்றுதான். கெசையா சொன்னது நினைவிருந்தது. ஆனால் ஒவ்வொரு வெற்றுக் கண்ணிலும் இன்னும் ஒரு துண்டுக்கு இடம் இருந்தது. விட்ட கண்களையெல்லாம் திரும்பி வந்து அடைத்தாள். மார்ச் பாதியில் கூடையில் ஒரு நூல்கூட மிச்சமில்லை.

சட்டத்திலிருந்து அறுத்துக் கீழே போட்டபோது விரிப்பு படுக்கவில்லை. ஓரம் சுருண்டது, நடு எழும்பி நின்றது. கையால் அழுத்தினாள். இந்தப் பக்கம் அமுங்கினால் அந்தப் பக்கம் எழுந்தது. ஈரத்துணி போட்டு மேலே மாவுப் பீப்பாயை வைத்தாள். மறுநாள் எடுத்ததும் மறுபடி எழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு ஜோப்பும் கெசையாவும் வந்தார்கள். ஜோப் விரிப்பின் மேட்டில் கால் தடுக்கிக் கோப்பையோடு விழுந்தான்.

"செத்தும் விடலயே" என்றான் தரையில் உட்கார்ந்தபடி. "சின்ன வயசுல தெனம் இப்படித்தான் காலத் தட்டிவிடுவான்."

கெசையா வாயைப் பொத்தினாள். லவீனியாவுக்குச் சிரிப்பு வந்தது. நவம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு. அது நிற்காமல் போய் அழுகையில் முடிந்தது. கெசையா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கண்ணையெல்லாம் அடச்சுட்ட, மூணு வரிசைக்கு ஒரு வரிசை உருவணும்கா. வேற வழி இல்ல. இல்லேன்னா சாக்கு கிழிஞ்சு எல்லாமே போயிரும்."

"உருவுனத என்ன பண்றது? அடுப்புல போடவா?"

ஜோப் கொட்டிய தேநீரைத் தன் தொப்பியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி" என்றான், தலை நிமிராமல். "எனக்குத் தர்றியா? அடுத்த வாரம் கடல்நாய் வேட்டைக்கு, கடல்ல மெதக்கிற பனிக்கட்டிக்குப் போறேன். பூட்ஸுக்குள்ள, உள்ளங்காலுக்குப் போட்டுக்கறேன். யாரு கண்ணுக்கும் தெரியாது. எனக்கும் அவன் அண்ணன்தானே."

அவனிடமிருந்து அந்தச் சட்டையைத் திரும்ப வாங்கிய பிறகு, அவனுக்கும் அண்ணனுடையது ஏதாவது வேண்டியிருக்கும் என்று லவீனியாவுக்குத் தோன்றவே இல்லை. அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் மண்டியிட்டு, விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, நீல வரிசையின் நுனியைத் தேடினாள். அது எளிதாக அகப்படவில்லை. நெருக்கமாகக் குத்தியிருந்தாள்.

"கொக்கியக் குடு" என்றாள் கெசையாவிடம்.

நுனி கிடைத்ததும் இழுத்தாள். துணி சிறுசிறு வளைவுகளாகவே வெளியே வந்தது.