பெயர் சொன்னால் சாகும் பூதம்

ஐந்தாம் வகுப்பில் நாங்கள் போட்ட நாடகத்துக்கு அம்மா வந்திருந்தார். தூர வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா வரவில்லை. இன்று காலை ஒஸ்லோவில் எங்கள் மாடிப்படிக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் நீலப் பிளாஸ்டிக் தறப்பாளை உதறி விரித்தார். அந்தச் சரசரப்பு என்னை நேரே அந்த மேடையில் கொண்டுபோய் விட்டது.

அன்று அப்படியொரு தறப்பாள்தான் எங்கள் ஏரி. அதற்கடியில் நான், ஆட்களைத் தண்ணீருக்குள் இழுக்கும் நொக்கென் என்ற நோர்வேப் பூதம். பெயரைச் சொல்லிவிட்டால் அது செத்துவிடும். "உனக்குக் கரி பூசத் தேவையில்லை" என்று அந்த வேடத்தை என் தலையில் கட்டியவன் கதாநாயகன் ஹென்ரிக். எழிலழகன் என்ற என்னை அவன் மூன்று வருடமாக "எலி" என்றே கூப்பிட்டான்.

"நொக்கென்!" என்று கத்தியபடி ஹென்ரிக் வாளை நீட்டினான். நான் சாகவில்லை.

"அது வேஷத்தின் பெயர். என் பெயரைச் சொல்லு."

"எலி!"

"எலியோ? என்ரை பிள்ளையையோ?" என்றார் கீழே உட்கார்ந்திருந்த அம்மா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அம்மா அன்றுதான் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்திருந்தார். எழுந்து நின்று கத்தினார்: "விடாதை தம்பி!"

"எசில்... எயில..." என்று ஹென்ரிக் திணறினான். காலைப் பிடித்து ஏரிக்குள் இழுத்தேன். அவன் மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. அவன் அழும்வரை விடவில்லை. இன்றும் எனக்கு அதில் வருத்தமில்லை.

பின்னேரம் அப்பா தொலைபேசியில் கேட்டார்: "அந்தப் பொடியன் கடைசியா உன்ரை பேரைச் சொன்னவனோ?"

"இல்லை அப்பா."

"அப்ப நொக்கென்தான் வெண்டது."

அந்தக் கண்ணாடிக்கு அவர் கட்டியது ஆயிரத்து எண்ணூறு குரோனர்.