ஓட்டை போட்ட தொட்டிகள்

என் வேலை பீங்கானைத் தட்டிப் பார்ப்பது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் செட்டில், அதாவது பட்டறையில், சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானையும் மரக்குச்சியால் தட்டுவேன். கணீரென்று கேட்டால் பாஸ். சத்தம் மழுங்கிக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. அதன் மேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி. ஊசி முனை அளவு துளை இருந்தாலும் அதே குறிதான். தண்ணீர் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து வைப்பேன். காகிதம் நனையக் கூடாது.

அதனால், என் மனைவியும் என் அக்காவும் சேர்ந்து சின்னதாக ஒரு செட் வாடகைக்கு எடுத்து முதன்முதலாகப் பூந்தொட்டி செய்தபோது, அதில் ஓட்டை இல்லை என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை. வீட்டு மாடியில் செடி வளர்க்கிறோம்தான். ஆனால் அதெல்லாம் பழைய பெயிண்ட் வாளி, சிமெண்ட் சாக்கு. அவற்றில் ஓட்டையை நாங்கள் போட்டதில்லை. வரும்போதே கிழிந்துதான் வந்தன.

இருவரும் பல வருடங்கள் மற்றவர்கள் செட்டில் பொம்மைகளுக்குக் கண் வரைந்தவர்கள். சொந்தமாகக் கிடைத்த முதல் ஆர்டர் இது. கொடுத்தவர் வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரம் ஹோட்டல் நடத்துபவர். வாசலில் வரிசையாக வைக்க நீலத் தொட்டிகள் வேண்டும், செம்பருத்தியோடு வேண்டும் என்றார். பக்கத்தில் சாப்பாட்டு ஹால் ஒன்று புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"செடி நல்லா நின்னுதுன்னா ஹாலுக்கும் உங்க தொட்டிதாம்மா" என்றார்.

நிற்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அக்கா சொன்னாள்: "மறுபடியும் போயி கிளி பொம்மைக்குக் கண்ணு வரைய வேண்டியதுதான்."

தொட்டிகள் அழகாக வந்தன. உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி போல வழவழக்கும் கிளேஸ் பூச்சு. சாயங்காலம் என் வேலை முடிந்ததும் போய் ஒவ்வொன்றாகத் தட்டினேன், தண்ணீர் நிரப்பினேன், காகிதம் பார்த்தேன். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ஒன்றில்கூட என் சிவப்பு மை படவில்லை. மனைவி நர்சரியிலிருந்து செம்பருத்தி வாங்கி வந்து மண் கலந்து நட்டாள். லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு மூவரும் கடைக்குப் போய் டீ குடித்தோம்.

சில நாட்களில் ஹோட்டல்காரரிடமிருந்து போன் வந்தது.

"சார், செடியெல்லாம் தலை தொங்கிடுச்சுங்க. தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறோம். ஊத்த ஊத்த தொங்குது."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ் பிடித்தோம். வேப்பூரில் இறங்கியதும் பார்த்தேன்: நீலம் பளபளக்க நிற்கும் தொட்டிகள், அவற்றின் மேல் வெந்த கீரை போலச் செடிகள். தண்ணீரில் நின்றுகொண்டே ஒரு செடி வாடுவதை நான் அதுவரை கண்டதில்லை.

மனைவி ஒரு செடியை மண்ணோடு உருவினாள். கீழ்ப்பாதி சேறு. வேர் பழுப்பேறி, கெட்ட முட்டை வாடை அடித்தது.

"முங்கிப் போச்சுங்க" என்றாள் என்னைப் பார்த்து.

"தண்ணி இருந்தா குடிக்க வேண்டியதுதானேம்மா?" என்றார் ஹோட்டல்காரர்.

அவள் அந்த வேரை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள். "அண்ணி, சூளையில காத்து வர்ற வழியெல்லாம் அடைச்சா தீ என்னாகும்?"

"பொகைஞ்சு செத்துப்போகும்."

"இதுவும் அப்படித்தான் செத்திருக்குது. மண்ணுல காத்து போற எடமெல்லாம் தண்ணி நின்னுடுச்சு."

பள்ளியில் படித்தது எனக்கு அப்போதுதான் இடம் பிடித்து உட்கார்ந்தது. இலை வெயிலை வைத்து, காற்றையும் தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரை சமைக்கிறது. அந்தச் சர்க்கரை வேர்வரை இறங்குகிறது. வேர் அதைக் காற்றோடு சேர்த்து, சுவாலை இல்லாமல், மெல்ல எரிக்கிறது. அந்தத் தெம்பில்தான் அது உயிரோடு இருந்து தண்ணீரை உள்ளே விடுகிறது. காற்று இல்லையென்றால் எரிப்பு இல்லை, தெம்பு இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தில் தொங்கும்.

இதை நான் சொல்லி முடிக்கவும், பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களைக் கடக்கவும் சரியாக இருந்தது. "அந்த இனிப்பு அத்தனையும் இலை சமைச்சதுதாங்க" என்று கையைக் காட்டினேன்.

ஹோட்டல்காரருக்கு அது பிடித்துவிட்டது. "அப்போ சமையல்கட்டு மேல, சாப்பிடுற எடம் கீழயா? சாப்பிடுற எடத்துல ஜன்னலே வைக்காம கட்டிக் குடுத்திருக்கீங்க!"

"நான் என்னங்க பண்றது? இவன்தான் பாஸ் போட்டான்" என்றாள் அக்கா. "ஒரு சொட்டு கசியலக்கான்னு என்னா பெருமை!"

புது ஹாலில் டைல்ஸ் ஒட்டும் கொத்தனாரிடம் துளை போடும் மெஷின் இருந்தது. செடிகளை வெளியே எடுத்து, அழுகிய வேரை நறுக்கி, சாக்கில் புது மண்ணோடு வேப்ப மரத்தடி நிழலில் வைத்தோம். தொட்டிகளைக் கவிழ்த்தோம். மெஷின் என் கைக்கு வந்தது.

ஒழுங்காகச் சுட்ட பீங்கானில் நானே துளை போடுவது, பாயசத்தில் உப்பு அள்ளிப் போடுவது போல இருந்தது. மனைவி தண்ணீர் சொட்டவிட்டுக்கொண்டே, "அழுத்தாதீங்க, மெதுவா, மெதுவா" என்றாள். முதல் தொட்டி இரண்டாகப் பிளந்தது. கொத்தனார் சிரித்தார். இரண்டாவதில் துளை விழுந்தது, சுத்தமான வட்டம். மெஷினைக் கீழே வைத்ததும் பழக்கத்தில், கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்துத் தொட்டியைத் தட்டினேன். கணீரென்றது. ஓட்டையோடு கணீரென்ற முதல் தொட்டி அதுதான்.

செடிகளின் இலையில் பாதியைக் கத்தரிக்கச் சொன்னது நான். எங்கள் செட்டில் இன்னும் சுடாத பச்சைச் சாமான் காயும்போது மேல் ஈரம் போகப் போக உள்ளிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். இலையும் அப்படித்தான்; அது காற்றில் ஈரத்தை விட விட, தண்ணீர் வேரிலிருந்து தண்டு வழியாக நூல் பிடித்து ஏறும். வேர் பலவீனமாக இருக்கும்போது மேலே இழுப்பு குறைவாக இருந்தால் நல்லது.

"இது பொழைச்சுதான்னு எப்படி சார் தெரியும்?" என்றார் ஹோட்டல்காரர்.

பரோட்டா பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பை இரண்டு வாங்கினேன். ஒன்றை வேப்ப மரத்தின் தாழ்ந்த கிளையில் இலைகளை மூடிக் கட்டினேன். இன்னொன்றைச் செம்பருத்திக் கிளையில். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். வேம்பின் பைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். செம்பருத்தியின் பை காய்ந்து கிடந்தது.

"இந்தப் பையி நனையட்டும், ஹாலைப் பத்திப் பேசுவோம்" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மனைவி இன்னொரு முறை போய் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் ஒன்றில் மறுபடியும் அழைத்தார். எதற்கென்று சொல்லவில்லை. போனோம். செடிகள் துளை போட்ட தொட்டிகளுக்குத் திரும்பியிருந்தன. கத்தரித்த நுனிகளில் எண்ணெய் தடவியது போல இளம் துளிர். ஒரு கிளையில் அவரே பை கட்டி வைத்திருந்தார், அதுவும் ரப்பர் பேண்டு போட்டு, சாம்பார் கட்டுவது போல. உள்ளே பனி படர்ந்திருந்தது. அவர் விரலால் சுண்டினார். சொட்டுகள் சேர்ந்து பையின் மூலைக்கு ஓடின.

"காலையிலதான் கட்டுனேம்மா. பாருங்க, எவ்வளவு குடிச்சிருக்குது!"

என் மனைவி அந்தப் பையைக் கையில் ஏந்தி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "குடிச்சிருக்குது அண்ணி" என்றாள். அக்கா அவள் தோளில் ஒரு அடி வைத்தாள். அங்கேயே, நின்ற வாக்கிலேயே, ஹாலுக்கு எத்தனை, என்ன நிறம் என்று அவர்கள் மூவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு டீ சொல்லக்கூட யாருக்கும் நினைவில்லை. நானே சொல்லிக்கொண்டேன், நான்கு.

ஹாலுக்கான தொட்டிகளைச் சுடுவதற்கு முன்பே, மண் பச்சையாக இருக்கும்போதே, மனைவி துளை போட்டாள். உள்பக்கம் கிளேஸும் இல்லை. சூளை இறக்கிய அன்று நான் போய்த் தட்டினேன். பிறகு ஒவ்வொன்றையும் தூக்கி, துளை வழியாக வானத்தைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம். ஒன்றில் மட்டும் இல்லை. கை மறந்து விட்டுப்போன தொட்டி. பளிச்சென்று, கீறலே இல்லாமல், ஒரு சொட்டும் கசியாத தொட்டி.

அக்கா சிவப்பு மைப் புட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"போடு தம்பி, பெருக்கல் குறி."

போட்டேன்.