படகு ஏறாத நாளில் வந்த குமட்டல்

அன்று ஞாயிற்றுக்கிழமை, படகே ஏறவில்லை. ஆனாலும் அறையில் தனியாகப் படுத்திருந்த எனக்கு, படகில் தினமும் வரும் அதே குமட்டல், அதே படபடப்பு. அப்போதுதான் உறைத்தது: இது கடலால் வருவதில்லை!

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் படகில் வேலைக்குப் போகிறவன் நான். இத்தனை மாதமும் வாந்தி மாத்திரையை விழுங்கிவிட்டே ஏறினேன். மாத்திரை தந்த தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் இறங்கும்போது கால் தவறியது. படகு ஊழியர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அரே பாய், நீந்தியே ஆபீஸ் போறியா?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "மன அழுத்தம்தான். மனசு விட்டுப் பேச இங்க யாருப்பா இருக்கா?" என்றார். யோசித்தேன், யாருமில்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். கம்பியோரம் ஒதுங்கி நிற்காமல், படகில் நாலு பேர் நடுவே உட்காருகிறேன். மெயின்லேண்டில் இருக்கும் அம்மாவிடம் மட்டும் போனில் இன்னும் "நல்லாயிருக்கேன்மா" என்றுதான் சொல்கிறேன். இன்று மாலை உண்மையைச் சொல்லிப் பார்க்கப்போகிறேன்.